மலைச்சாரலிற் பல்பயிர்ச் செய்கை: மண், விதை, உணவு

மத்திய மலைநாட்டில் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை ஆகிய இடங்களைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலையும், அவற்றின் இடையிடையேயுள்ள பள்ளங்களில் மரக்கறிப் பயிர்களும், கொத்மலை, வலப்பனை, அங்குராங்கெத்தைப் பக்கங்களிலுள்ள படிவயல்களில் நெல்லும் செய்கை பண்ணப்படுகின்றன. கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியன இங்கிருந்து நாள்தோறும் லொறிகளில் ஏற்றப்பட்டு நாட்டின் பல சந்தைகளுக்கும் செல்கின்றன. ஆயினும், 2016ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டப் பகுதிகளில் நூற்றுக்கு 32 பேராக இருந்தனர். நாட்டுக்கு மரக்கறி கொடுக்கும் மலையிலேயே பிள்ளைகளின் போசாக்குக் குறைந்திருக்கின்றது.

இக்குறைக்கு வருமானம், குடிநீர், சுகாதார வசதி முதலிய காரணங்கள் பல உள. அவற்றுள் ஒன்று கமக்காரரின் கையிலேயே இருக்கின்றது. நிலத்தில் என்ன பயிரிடப்படுகின்றது, எத்தனை வகை பயிரிடப்படுகின்றது, அதில் எது வீட்டு அடுப்புக்குச் செல்கின்றது என்பதே அது. மண்ணையும் நீரையும் பூச்சி புழுக்களையும் மரஞ்செடிகளையும் பகையாகக் கொள்ளாது, அவற்றின் இயல்பை அறிந்து துணையாகக் கொண்டு செய்யும் கமத்தொழிலைச் சூழலியல் வேளாண்மை என்பர். இது முற்றிலும் புதியதன்று. முன்னோர் அனுபவத்தால் அறிந்தவற்றை ஆராய்ச்சியின் துணைகொண்டு சோதித்து, நல்லனவற்றைக் கைக்கொள்ளுவதே இதன் முறையாகும்.

ஒரே பயிரை நம்பியதால் வந்த கேடு

பயிர் ஒரு வகையாகவே இருந்தால் நேரக்கூடிய ஆபத்தை மலைநாட்டின் வரலாறே காட்டுகின்றது. தேயிலைக்கு முன் இச்சரிவுகளில் நின்றது கோப்பி. காடுகள் அழிக்கப்பட்டு, இடையில் வேறு மரமின்றி, மலைக்கு மலை கோப்பியே நடப்பட்டது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடியாகத் துருநோய் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை இந்நோயை இலங்கையில் ஆராய்ந்த மார்சல் வாட் என்னும் தாவரவியலறிஞர், அது ஒரு பூஞ்சணத்தால் உண்டாவதென்றும், அதன் நுண்ணிய வித்திகளைக் காற்றுப் பரப்புகின்றதென்றும் காட்டினார். காற்றைத் தடுக்கும் மரவரிசை இல்லை. நோய் ஏற்காத வேறு பயிரும் இல்லை. ஆகவே நோய் தோட்டத்துக்குத் தோட்டம் தடையின்றிச் சென்றது. அந்நூற்றாண்டு முடியுமுன் கோப்பித் தொழில் அழிந்தது. அதனை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர் பலர் வேலையையும் கூலியையும் இழந்தனர்.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டிருந்தமையால், கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. மாற்றுப் பயிர் ஒன்று ஆயத்தமாக இருந்தமையே மலைநாட்டைக் காப்பாற்றியது எனலாம். பெருந்தோட்டத்துக்குப் பொருந்தும் இப்பாடம் கால் ஏக்கர் மரக்கறித் தோட்டத்துக்கும் பொருந்தும். முழு நிலத்திலும் உருளைக்கிழங்கை மட்டும் நடும் கமக்காரர், நோய் வந்தாலும் சந்தை விலை விழுந்தாலும் ஒரே நாளில் அனைத்தையும் இழப்பர். நான்கு வகை பயிரிட்டவருக்கு ஒன்று போயினும் மூன்று நிற்கும்.

நன்மை செய்யும் பூச்சிகள்

தேயிலை இலைகளை மடித்து உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு முன்னாளிற் பெருஞ்சேதம் விளைத்தது. 1935-36ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து மக்றோசென்றசு என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. இக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் புழுவை உணவாக உண்டு வளரும். சில ஆண்டுகளில் இலைசுருட்டியின் தொல்லை பெரிதும் அடங்கியது. மருந்துமில்லை, தொடர்ந்த செலவுமில்லை.

பின்னர், 1950களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்றின் என்னும் கடும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு வண்டை மட்டுமன்றிக் குளவியையும் கொன்றது. காவல் நீங்கியதும், அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடையைக் கொல்லத் தெளித்த மருந்து மற்றொரு பீடையை வளர்த்துவிட்டது.

நெல்வயலிலும் இதுவே நிகழ்கின்றது. நெற்பயிரின் அடித்தண்டிலிருந்து சாறு உறிஞ்சும் கபிலத் தத்தியைச் சிலந்திகள் பெருந்தொகையாக உண்ணும். நாற்று நட்ட சில வாரங்களுக்குள், இலையில் ஏதோ சிறு கடியைக் கண்டு பீடைநாசினி தெளித்தால், முதலில் மடிவன சிலந்திகளே. தத்தியின் முட்டைகள் தண்டினுள் பாதுகாப்பாக இருந்து, பின்னர் எதிர்ப்பாரின்றிப் பொரித்துப் பெருகும். மரக்கறித் தோட்டத்திற் பொறிவண்டும் அதன் இளம்பருவமும் அழுக்கணவனைத் தின்னும். சிறு குளவிகள் கோவாப் புழுக்களை அழிக்கும். இக்குளவிகள் வளர்ந்தபின் பூந்தேனையே உண்பனவாதலின், பாத்தி ஓரங்களிற் கொத்தமல்லி, கடுகு, துலுக்கச் செவ்வந்தி ஆகியவற்றைச் சிறிது பூக்கவிடுதல் அவற்றுக்கு உணவளிப்பதாகும். துலுக்கச் செவ்வந்தியை அடர்த்தியாக நட்டால், வேரிலே முடிச்சுண்டாக்கும் சில வட்டப்புழுக்களையும் அது குறைக்கும்.

மருந்து தெளிக்குமுன் வாரம் ஒருமுறை தோட்டத்தில் நடந்து, இருபது செடிகளையேனும் இலையின் கீழ்ப்புறம் பார்த்து, பீடை எத்தனை, அதனை உண்ணும் பூச்சி எத்தனை என எண்ணிப் பார்த்தல் நன்று. அவசியமானபோது மட்டும், சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை, சிபாரிசு செய்யப்பட்ட அளவில் தெளிக்க வேண்டும். தெளித்தபின் அறுவடைவரை விடவேண்டிய இடைக்காலத்தை ஒருநாளும் குறைத்தல் ஆகாது. சந்தைக்குச் செல்லும் கோவாவை உண்பவரும் பிள்ளைகளே.

மண்ணைக் காத்தல்

சரிவு நிலத்திற் பெய்யும் மழை மேல்மண்ணை அடித்துச் செல்லும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான மண் மட்டும் கழுவுண்டாலும், அது ஏறத்தாழ 4 கனமீற்றர் மண்ணாகும்; அதன் நிறை ஏறத்தாழ 5 தொன். கண்ணுக்குத் தெரியாத இவ்விழப்பு, இட்ட பசளையையும் உடன்கொண்டு செல்கின்றது. அம்மண் ஆற்றிலிறங்கி மகாவலி நீர்த்தேக்கங்களிற் படிகின்றது. 1951ஆம் ஆண்டிலேயே மண்பாதுகாப்புக்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டமை இக்கேட்டின் பெருமையை உணர்த்தும்.

தேயிலைத் தோட்டங்களிற் சமவுயரக் கோட்டில் கான் வெட்டுவதும் கல்லணை கட்டுவதும் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவந்த வேலைகள். மட்டம் பார்த்துக் கான் வெட்டத் தெரிந்த முதியோர் இன்றும் தோட்டங்களில் உளர். அவ்வறிவை மரக்கறிப் பாத்திகளுக்கும் பயன்படுத்த வேண்டும். பாத்தியை மேலிருந்து கீழாக அமைத்தல் தவறு. சரிவுக்குக் குறுக்காக அமைத்தலே முறை. பாத்திகளுக்கிடையே சில அடி தூரத்துக்கு ஒரு புல்வரிசை நின்றால், ஓடும் நீர் தணிந்து மண்ணை அங்கேயே விட்டுச் செல்லும். அப்புல் மாட்டுக்குத் தீனியுமாகும்.

பழந்தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மீண்டும் தேயிலை நடுமுன், ஒன்றரை முதல் இரண்டாண்டு காலம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, வெட்டி வெட்டி நிலத்திலேயே பரப்புவது வழக்கம். களைத்த மண் அதனால் மீண்டும் உயிர்பெறுகின்றது. கவ்வாத்து வெட்டிய தழையை விறகுக்கென முழுவதும் அகற்றாது நிலத்திலேயே விடுவதும் இக்கருத்துப் பற்றியே.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். மரக்கறிகளுள் அநேகம் அதனை விரும்பா. ஆதலின், முன்னர் தேயிலை நின்ற நிலத்தில் மரக்கறி செய்வோர் மண்ணைச் சோதிப்பித்து, வேண்டிய அளவு டொலமைற்றுச் சுண்ணாம்பை இடவேண்டும். கோவா, நோக்கோல் ஆகியவற்றின் வேரை முண்டு முண்டாக வீங்கச்செய்யும் நோயும் புளிப்பு மண்ணிலேயே மிகும்.

காட்டுச் சூரியகாந்தியும் கூட்டெருவும்

மலைநாட்டின் தெருவோரங்களில் மஞ்சட் பூவுடன் புதராக வளரும் காட்டுச் சூரியகாந்தியைக் களையென்றே பலரும் கருதுவர். அதன் உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்றரைப் பங்களவு நைதரசனும் நாலு பங்களவு பொற்றாசியமும் உள. பூக்குமுன் வெட்டி, நறுக்கி, நடுகைக்குச் சிலநாள் முன்னதாக மண்ணிற் புதைத்தால் விரைவில் உக்கிப் பயிருக்கு உதவும். படிவயல்களிற் பசுந்தழையை மிதித்துச் சேற்றில் அமுக்கும் பழைய வழக்கம் இதன் நெற்செய்கை வடிவமாகும்.

கூட்டெரு செய்வோர் பச்சைத் தழை, உலர்ந்த சருகு, மாட்டெரு ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டுக் குவியல் அமைக்க வேண்டும். நுவரெலியாவின் குளிரிற் சிறு குவியல் சூடேறாது. ஆதலின் குவியல் மூன்றடி உயரத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். மழைநீர் சத்தைக் கரைத்துச் செல்லாவண்ணம் மேலே மூடுதல் அவசியம். உள்ளே கைவைக்க முடியாத சூடு பிறந்தால் களைவிதைகளும் நோய்க் கிருமிகளுட் பலவும் மடியும். இரண்டு மூன்று முறை புரட்டிவிட, கருநிறமும் மண்மணமும் உடைய எரு கிடைக்கும். கோழியெருவைப் பச்சையாக இடுதல் வேரைக் கருக்கும். அதனையும் உக்கவைத்தே இடவேண்டும்.

படிப்படியாக மாறுதல்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி நாட்டில் தடை செய்யப்பட்டது. போதிய சேதனப் பசளை ஆயத்தமாக இல்லாமையால் நெல், தேயிலை, மரக்கறி ஆகியவற்றின் விளைவு வீழ்ந்தது. கமக்காரர் பெரும் நட்டமடைந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. இவ்வனுபவத்தால் இயற்கைசார்ந்த செய்கையே பயனற்றதென எண்ணுவது தவறு. ஒரே போகத்தில் மாற முயல்வதே தவறு.

இதனை ஒரு கணக்கால் அறியலாம். 50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசனுடைய கூட்டெருவால் அதே அளவைக் கொடுக்க வேண்டுமாயின், ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் உடனே கிடையாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகவே விடுவிக்கும். மறுபுறம், அக்கூட்டெரு மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரைப் பிடித்துவைத்து, வருங்காலப் பயிருக்கும் உதவும். யூரியா அதனைச் செய்யாது. ஆகவே இரண்டின் இயல்பையும் அறிந்து, எருவைக் கூட்டிக் கூட்டி இரசாயனப் பசளையைக் குறைத்துக் குறைத்துச் செல்லுதலே விவேகமாகும்.

நுவரெலியா மாவட்டத்து மரக்கறி நிலங்கள் பலவற்றில், ஆண்டுதோறும் மிகையாக இட்டமையால், பொசுபரசு தேவைக்கு மேலாகவே தேங்கியிருக்கின்றது. அத்தகைய நிலத்தில் அப்பசளையைக் குறைத்தால் விளைவு குறையாது, செலவே குறையும். மண்சோதனை செய்தவரே இதனை அறிவர். முதற்போகத்தில் தோட்டத்தின் நாலிலொரு பங்கில் மட்டும் புதிய முறையைக் கையாண்டு, விளைவையும் செலவையும் கொப்பியிற் குறித்து ஒப்பிட்டுப் பார்த்து, பின்னர் விரிவாக்குதல் நலம்.

பயிர்ச் சுழற்சி

ஒரே குடும்பப் பயிரை ஒரே பாத்தியில் மீண்டும் மீண்டும் நடலாகாது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியன ஒரு குடும்பம். ஒன்றன் வாடல்நோய் மற்றதைப் பற்றும். கோவா, நோக்கோல், ராபு ஆகியன இன்னொரு குடும்பம். உருளைக்கிழங்கின்பின் போஞ்சி, அதன்பின் கோவா, அதன்பின் கரட் அல்லது லீக்ஸ் எனச் சுழற்றினால், ஒவ்வொரு குடும்பமும் மூன்று போகம் இடைவிட்டே அப்பாத்திக்குத் திரும்பும். போஞ்சியின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைச் சேர்ப்பதனால், அதன் வேரைப் பிடுங்காது மண்ணிலேயே விடவேண்டும்.

விதை என்னும் முதுசொம்

இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் வெளியிடப்பட்டுப் புகழ்பெற்ற எச்-4 என்னும் நெல்லினம், முருங்கைக்காயன் என்னும் பழைய நெல்லைப் பிறிதோர் இனத்துடன் கலந்து உண்டாக்கப்பட்டது. பெயர் தெரியாத கமக்காரர் பல தலைமுறையாக அப்பழைய நெல்லை விதைத்துக் காத்திராவிடின், ஆராய்ச்சியாளர் கலப்பதற்கு ஒன்றுமிராது. இன்று பழைய இனங்களின் விதைகள் 1988 முதல் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்திற் குளிரறையிற் சேமிக்கப்படுகின்றன. ஆயினும் குளிரறையில் இருக்கும் விதை மாறும் காலநிலையோடு பழகாது. வயலில் விதைக்கப்படும் விதையே பழகும். ஆதலின், சுவந்தல், மடத்தவாளு போன்ற நெல்லினங்கள் வைத்திருப்போர் ஒரு சிறு வயலிலேனும் அவற்றைத் தொடர்ந்து விதைத்தல் நன்று.

போஞ்சி, அவரை, கீரை, பூசணி ஆகியவற்றின் விதையை வீட்டிலேயே எடுக்கலாம். நோயற்ற, நன்கு காய்த்த செடியைக் காய்க்கும்போதே அடையாளமிட்டு, முற்றிய காய்களை அதிலேயே உலரவிட்டு எடுத்து, சலித்த சாம்பலுடன் கலந்து காற்றுப்புகாத போத்தலில் அடைத்து அடுப்பங்கரைப் பக்கம் வைப்பது மூதாட்டியர் முறை. சாம்பல் ஈரத்தை ஈர்க்கும், வண்டையும் தடுக்கும். ஆனால் உருளைக்கிழங்கைப் பொறுத்தவரை, நோயுள்ள கிழங்கையே மீண்டும் விதையாக வைக்கும் வழக்கம் வாடல்நோயைப் பரப்பும். பழையது எல்லாம் நன்றுமன்று, தீதுமன்று. சோதித்தே கொள்ளல் வேண்டும்.

வீட்டுப் பாத்தியும் பிள்ளையின் கோப்பையும்

லயத்தின் பின்புறத்திலோ, 2015இன் பின் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு வழங்கப்பட்ட ஏழு பேர்ச் காணியிலோ, வீடு நீங்கலாகச் சிறு நிலமே எஞ்சும். அதுவே போதும். வேலியிற் சௌசௌக் கொடி, ஓரத்தில் ஒரு மரத்தக்காளி, நீர் வடியும் இடத்தில் வல்லாரை, வெயில்படும் பாத்தியிற் கீரைத்தண்டும் பொன்னாங்காணியும், கம்புகளிற் போஞ்சி என அமைத்தால், ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று பறிக்கக் கிடைக்கும். சௌசௌவின் காயேயன்றிக் கொழுந்தும் கீரையாகும். பீட், நோக்கோல் ஆகியவற்றின் இலையைச் சந்தைக்காக வெட்டி எறிதல் சத்தை எறிதலாகும், அவற்றைச் சுண்டியுண்ணலாம்.

கோதுமை மா ரொட்டியும் சம்பலும் பசியை ஆற்றும். வளரும் பிள்ளைக்கு அவை மட்டும் போதா. அதனுடன் பருப்போ பயறோ, ஒரு கீரையோ, முடிந்தபோது முட்டையோ நெத்தலியோ சேரவேண்டும். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ரொட்டி மாவிற் பாதியைக் குரக்கன் மாவாக்குதல் எலும்புக்கு நன்று. கரட்டைச் சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தாலே அதன் சத்து உடலிற் சேரும். கீரையுடன் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச் சத்து நன்கு சேரும். தேயிலை விளையும் நாட்டில் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: உணவுடன் சேர்த்துத் தேநீர் அருந்தினால், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறையும். உணவுக்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ அருந்துதலே தக்கது. கருவுற்ற தாய்மாரும் பிள்ளைகளும் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

கமக்காரர் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்து, இடையிடையே புல்வரிசை நடுக.
2. மண்ணைச் சோதிப்பித்தபின்னரே சுண்ணாம்பும் பசளையும் இடுக.
3. எருவைக் கூட்டியும் இரசாயனப் பசளையைக் குறைத்தும் போகம் போகமாக மாறுக.
4. ஒரே குடும்பப் பயிரை ஒரே பாத்தியில் தொடர்ந்து நடாதொழிக.
5. மருந்து தெளிக்குமுன் பீடையையும் அதனை உண்ணும் பூச்சியையும் எண்ணிப் பார்க்க.
6. நல்ல செடியின் விதையை எடுத்துவைத்து அயலாருடன் மாற்றிக்கொள்க.
7. விற்பதற்கு ஒரு பாத்தி இருப்பின், வீட்டுக்கென ஒரு பாத்தியேனும் ஒதுக்குக.

மேற்கூறியவற்றுள் எல்லாவற்றையும் ஒரே ஆண்டிற் செய்தல் எளிதன்று. ஒரு கூட்டெருக் குவியலும் ஒரு கீரைப் பாத்தியும் வைத்துத் தொடங்கினாலே போதும். இவைபற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறலாம்.